விமானம் ஏறப்போன தொட்டில்

என் நாத்தனாரின் பிள்ளைக்குச் செய்த தேக்குத் தொட்டிலை விமானத்தில் அனுப்புவது என்று முடிவானபோது, நான் விமானத்தை வானத்தில் மட்டும்தான் பார்த்திருந்தேன். மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது மதுரைப் பக்கமாக ஒன்று போகும். பத்து மாத மகளைத் தூக்கி அதைக் காட்டுவேன். அவள் அதைப் பார்க்காமல் என் விரலைப் பார்ப்பாள். ஒரு மரச்சாமான் எனக்கு முன்னால் அதில் ஏறப்போகிறது என்ற நினைப்பு என்னை விடவில்லை. அது பொறாமை என்று எனக்கு அப்போதே தெரியும். பி.காம். படித்தவள், போயும் போயும் ஒரு தொட்டிலின் மேல் பொறாமைப்படுகிறோமே என்று வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டதால் அது ஒன்றும் குறைந்துவிடவில்லை.

சிவகாசியில் எங்களுக்குக் கீழே ஆப்செட் பிரஸ், மேலே வீடு. வெடிக் கம்பெனிகளுக்கு லேபிள் அடிப்பதுதான் தொழில். மாமனார் இல்லை. என் கணவர்தான் பிரஸ்ஸைப் பார்த்துக்கொண்டார். அவருக்கு ஒரே தங்கை. அவளைக் கட்டிக்கொண்டவர் பப்புவா நியூ கினியில், மலைகளுக்கு நடுவே இருந்த ஒரு சின்ன ஊரில் கல்லூரி ஆசிரியர். தலைநகரத்திலிருந்து அந்த ஊருக்குச் சாலையே கிடையாது. குட்டி விமானம் ஒன்றுதான் வழி. கர்ப்பமாக இருந்தபோது பயணம் கூடாதென்று டாக்டர் தடுத்துவிட்டதால் பிரசவத்துக்கு அவள் ஊருக்கு வரவில்லை. அங்கேயே பையன் பிறந்தான்.

எங்கள் வழக்கப்படி தலைப்பிள்ளைக்குத் தாய்மாமன்தான் தொட்டில் போட வேண்டும். மாமன் தொட்டில் வரும்வரை பிள்ளையை வேறு எந்தத் தொட்டிலிலும் போட மாட்டார்கள். பாய் அல்லது மடிதான். சொந்த ஊரில் இருந்தால் இது ஒரு பிரச்சினையே இல்லை. பிள்ளை பிறந்த வாரத்திலேயே மாமன் தலைச்சுமையாகவாவது கொண்டுவந்து இறக்கிவிடுவான்.

என் மகளுக்கு என் தம்பி அப்படித்தான் கொண்டுவந்தான். காரியாபட்டியில் ஒரு உரக்கடையில் அவன் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. இரும்புக் குழாயில் செய்த மடக்குத் தொட்டில், நீலப் பெயிண்ட், நடுவில் வெள்ளை வலை. பஸ் மேலே கட்டிக்கொண்டு வந்து, பஸ் ஸ்டாண்டிலிருந்து தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். கூடத்தில் விரித்து நிறுத்தியதும் என் மாமியார் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"ஆஸ்பத்திரி சாமான் மாதிரியில்ல இருக்கு" என்றார்.

தம்பி சிரித்தான். அவன் கோபப்பட்டிருந்தால் நான் அன்றே மறந்திருப்பேன். அவன் சிரித்ததுதான் எனக்குள் தங்கிவிட்டது.

இப்போது என் கணவர் மாமனாகிவிட்டார். அத்தை, அதாவது என் மாமியார், ஆமத்தூர் ஆசாரியை வீட்டுக்கே வரவழைத்தார். தேக்கு மரம், கடைசல் பிடித்த நாலு கால், காலுக்கு ஒரு கிளி. பச்சைப்பிள்ளை மேல் இரும்பு படக் கூடாது, ஆணியே இல்லாமல் செய்ய வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். ஆசாரி எல்லாவற்றையும் மரமுளை அடித்து, பசை வைத்துக் கூட்டினார். என் கணவர் தினமும் சாயங்காலம் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆமத்தூர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். என் மகள் பிறந்தபோது தீபாவளி சீசன் நேரம், மெஷினை நிறுத்த முடியாது என்று ஆஸ்பத்திரிக்கே தாமதமாக வந்த மனிதர்.

"கிளிக்கு மூக்கு இன்னும் கொஞ்சம் வளையணும்" என்று ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார். நான் ரசத்தை ஊற்றினேன்.

வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் சென்னையில் இருந்த சரக்கு ஏஜெண்டுக்குக் கடிதம் எழுதும் வேலை என்னிடம் வந்தது. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருமுனை பிரௌசிங் சென்டருக்குப் போவேன். ஒரு கையால் ஈமெயில் தட்டி அனுப்புவேன். பதில் வந்ததும் வீட்டுக்கு வந்து தமிழில் சொல்வேன். யாருக்கோ போகும் சீர்வரிசைக்கு நான் குமாஸ்தா.

ஏஜெண்டின் முதல் பதிலை நான் மூன்று முறை படித்தேன். தப்பாகப் புரிந்துகொண்டுவிட்டோமோ என்று பயம். வெறும் எடையை வைத்து மட்டும் விமானத்தில் வாடகை போடுவதில்லையாம். பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி, அதையும் ஒரு எடையாக மாற்றுவார்களாம். உண்மையான எடை, இந்தக் கணக்கு எடை, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. போதாததற்கு, இவ்வளவு பெரிய பெட்டி சாதாரணச் சரக்கோடு சேராதாம். அதற்குத் தனிக் கட்டணம்.

"என்னத்தா சொல்லுதான்?" என்றார் அத்தை.

"தொட்டில் எடை கம்மிதான் அத்தே. ஆனா பெருசா இருக்குல்ல, அது அடைக்கிற இடத்துக்குத்தான் காசாம்."

"உள்ள வெறுங்காத்துதான இருக்கு?"

"அந்தக் காத்துக்கும் சேத்துத்தான்."

"நல்லா இருக்கே கூத்து! நம்ம லோடு லாரிக்காரனுக்குக் கோயில் கட்டிக் கும்புடலாம் போல."

என் கணவர் தாளில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "எம்மா, தொட்டில் செஞ்ச கூலியவிட அனுப்புத கூலி மூணு பங்கு வருது. பணத்த அனுப்பிருவோம். அங்கனயே ஒண்ண வாங்கிக்கிடட்டும்."

"மாமன் தொட்டிலு அங்கன கடையில விக்கானாலே? கப்பல்ல அனுப்பினா?"

"பய எந்திரிச்சு நடந்த பொறவுதான் போய்ச் சேரும்."

"அப்பப் பிளேன்லயே அனுப்பு. ஒத்தப் பொம்பளப்பிள்ள. கடலத் தாண்டிக் குடுத்துட்டோம்னு சீரக் கொறச்சுப்புடாத."

அவர் ஒப்புக்கொண்டார். பிரஸ்ஸுக்கு மேலே எங்கள் அறை மதியத்தில் அடுப்பு மாதிரி இருக்கும். மகளுக்குக் கழுத்தெல்லாம் வேர்க்குரு. அந்தக் கோடைக்கு ஒரு ஏர்கூலர் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். அன்று மாலை, "கூலர அடுத்த வருசம் பாப்பமே" என்றார். நான் சரி என்றேன். சரி என்று சொல்லிவிட்டு, மகளுக்குப் பவுடர் போடும்போது அவள் கழுத்தைப் பார்த்தபடி தொட்டிலின் நாலு கிளிகளையும் மனதுக்குள் திட்டினேன். பிறகு, அங்கே பாயில் கிடக்கும் பிள்ளை என்ன பாவம் செய்தது என்று தோன்றியது. எனக்கு எப்போதும் இப்படித்தான். கோபத்தைக்கூட முழுதாகப் பட முடியாது.

காற்றுக்கும் காசு என்று தெரிந்ததிலிருந்து அத்தை அந்தக் காற்றை நிரப்பத் தொடங்கினார். இலவம்பஞ்சு மெத்தை, வசம்பு வளையல், வெள்ளி அரைஞாண், ஆறு பருத்திச் சேலை. சாத்தூர் காராச்சேவுப் பொட்டலங்களையும் உள்ளே வைத்தபோது நான் குறுக்கிட்டேன்.

"அத்தே, திங்கிற சாமான் வைக்கக் கூடாதுன்னு ஏஜெண்ட் எழுதியிருக்காரு."

அத்தை நிமிர்ந்து பார்த்தார். "அவருதான் எழுதுனாரா, இல்ல ஒனக்குத்தான் பொறுக்கலையா?"

நான் கடிதத்தில் இருந்ததைத்தான் சொன்னேன். ஆனால் அத்தை கேட்டதும் தப்பில்லை. காராச்சேவை எடுத்து வெளியே வைத்தபோது எனக்குக் கொஞ்சம் திருப்தியாகத்தான் இருந்தது.

பெட்டி அடித்தவர்கள் எங்கள் பிரஸ் ஆட்கள். மரப்பெட்டிக்குப் பூச்சி வராமல் புகை போட்டு முத்திரை வாங்கியிருந்தோம். தொட்டிலின் கால்கள் அடிபடாமல் இருக்க, எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதையே அவர்களும் செய்தார்கள். கீழே குவிந்து கிடந்த வேஸ்ட் ஷீட்டை, அதாவது நிறம் தப்பியும் கோணலாகவும் அடித்துக் கழித்த லேபிள் தாள்களை, கசக்கி இண்டு இடுக்கெல்லாம் திணித்தார்கள். சிவகாசியில் கண்ணாடி வளையல், சீர்ப்பாத்திரம், சாமி படம் எதைக் கட்டினாலும் அந்தத் தாளில்தான் கட்டுவோம். என் பீரோ தட்டில் விரித்திருப்பதும் அதுதான். அதில் என்ன அச்சாகியிருக்கிறது என்று எங்கள் கண் பார்ப்பதே இல்லை. அன்றும் யாரும் பார்க்கவில்லை.

லாரியில் பெட்டி சென்னைக்குப் போயிற்று. மூன்றாம் நாள் ஏஜெண்டிடமிருந்து போன் வந்தது. கணவர் குளித்துக்கொண்டிருந்ததால் நான்தான் எடுத்தேன்.

"மேடம், உண்மையச் சொல்லிடுங்க. பெட்டிக்குள்ள பட்டாசு வச்சிருக்கீங்களா?"

"பட்டாசா? இல்லீங்க, தொட்டிலுங்க."

"தொட்டில்தான். தொட்டிலச் சுத்தி அணுகுண்டு, புஸ்வாணம், சங்குசக்கரம்னு இருக்கே? அனுப்புற ஊரு சிவகாசின்னு வேற போட்டிருக்கு. ஏர்போர்ட்ல பெட்டியப் பிரிச்சுப் பாத்துட்டு நிப்பாட்டி வச்சிருக்காங்க. சார உடனே வரச் சொல்லுங்க."

கணவர் அன்றைக்கே பஸ் ஏறினார். அவரைப் பிடித்து உள்ளே வைத்துவிடுவார்களோ என்று பயந்தேன். மகளை மடியில் போட்டுக்கொண்டு போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. தொட்டில் நின்றுவிட்டது. அது இன்னும் பறக்கவில்லை. அந்த நினைப்பை நான் தள்ளத் தள்ள அது திரும்பி வந்தது.

மறுநாள் மத்தியானம் அவர் பேசினார். குரலில் சிரிப்பு இருந்ததால் உயிர் வந்தது.

"ஒவ்வொரு தாளையும் நீவி நீவி வாசிச்சாக. 'சிறுவர்கள் பெரியவர்கள் முன்னிலையில் கொளுத்தவும்'னு ஒரு ஆபீசர் சத்தமா வாசிச்சிட்டு, 'ஏங்க, புள்ளைக்குத் தொட்டிலா, தீவாளியா?'ங்கிறாரு. லேபிள் பிரஸ்ஸுன்னு ரசீது காட்டினதும் விட்டுட்டாக."

"அப்பக் கெளம்பிருமா?"

"அங்கதான் வெனை."

பெட்டியை மறுபடி கட்டும்போது ஏஜெண்ட் மறுபடி அளந்திருக்கிறார். தலைநகரம் வரைக்கும் பெரிய விமானத்தில் போய்விடும். அங்கிருந்து மலை ஊருக்குப் போகும் குட்டி விமானத்தின் கம்பெனிக்கு அளவை அனுப்பிக் கேட்டதற்கு, சரக்கு ஏற்றும் கதவு அவ்வளவு பெரிதில்லை, சாய்த்தாலும் நுழையாது என்று பதில் வந்துவிட்டதாம். ஆணி வைத்த தொட்டிலென்றால் கழற்றி அடுக்கிவிடலாம். இது மரமுளையும் பசையும் வைத்துக் கூட்டியது. ரம்பம் வைத்து அறுத்தால்தான் பிரியும். இல்லையென்றால் இதற்கென்று ஒரு விமானத்தைத் தனியாக வாடகைக்கு எடுக்க வேண்டும்.

நான் அத்தையிடம் சொன்னேன்.

"தனிப் பிளேனா? கல்யாணத்துக்கு வேன் பிடிக்கிற மாதிரியா?"

"ஆமா அத்தே. பிரஸ்ஸ வித்தாலும் காணாது. அறுத்து அனுப்பினா அங்க போய்ச் சேத்துக்கிடலாமாம்."

"தொட்டில்ல ரம்பம் வைக்கிறதா?" அத்தை காதைப் பொத்திக்கொண்டார். "இன்னொருதரம் சொல்லாத. திருப்பிக் கொண்டாரச் சொல்லு."

சென்னைக்குப் போனது போலவே லாரியில் தொட்டில் திரும்பி வந்தது. நாலு பேர் மாடிக்குத் தூக்கி வந்து கூடத்தில், என் மகளின் நீலத் தொட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை. நாத்தனார் போன் செய்யும் நாள். அத்தை விஷயத்தைச் சொல்லிவிட்டு அழுகையில் பேச முடியாமல் என்னிடம் தந்தார்.

"மதினி, இங்க ராத்திரியில தரை ஐஸ் மாதிரி இருக்கு" என்றாள். "பாயில போட்டா முழிச்சிருதான். மடியிலயே வச்சிக்கிட்டு உக்காந்தே தூங்குதேன். கடையில ஒரு தொட்டில் இருக்கு, வாங்கட்டான்னு இவுக கேக்காக. அம்மா வேண்டாம்ங்காக. என்ன செய்யன்னு தெரியல."

பிள்ளை பெற்ற உடம்போடு உட்கார்ந்தே தூங்குவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த நிமிஷத்தில் அவள் மேல் எனக்கு எந்தப் பொறாமையும் இல்லை என்று சத்தியம் செய்திருப்பேன்.

போனை வைத்த பிறகு அத்தை வெகுநேரம் இரண்டு தொட்டில்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வந்து நீலத் தொட்டிலின் குழாயைத் தட்டிப் பார்த்தார்.

"இது மடங்குமில்ல?"

"மடங்கும் அத்தே."

"மடக்கினா எம்புட்டு இருக்கும்?"

"இஸ்திரிப் பலகை கனம் இருக்கும்."

"அப்ப இத அவளுக்கு அனுப்பிருவோம். பாப்பா தேக்குத் தொட்டில்ல படுத்துக்கிடட்டும். ஒனக்கு லாபந்தான?" என்று சொல்லிவிட்டு மகன் பக்கம் திரும்பினார். "என்னலே சொல்லுத?"

"நல்ல யோசனதான்" என்றார் என் கணவர். என் முகத்தைப் பார்த்ததும், "நீ என்ன சொல்லுத?" என்றார்.

இத்தனை மாதம் நான் எதைப் பார்த்துக் கருகினேனோ, அதுவே என் மகளுக்கு வருகிறது. கடைசல் கால், மூக்கு வளைந்த கிளி எல்லாம். தலையாட்டினால் போதும். அங்கே பிள்ளை தரையில் கிடக்கிறது என்பதும் மனதில் இருந்தது. மருமகளாக வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் நான் எதற்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை. ஆனால் தலை ஆடவில்லை.

"அது எந்தம்பி போட்டது அத்தே" என்றேன்.

"யாரு இல்லன்னது?"

"அவ புள்ளைக்கு அவ அண்ணன் போட்டாத்தான மாமன் தொட்டிலு? இவளுக்கு எந்தம்பி போட்டது. இத அனுப்பினா அந்தப் பயலுக்கும் மாமன் தொட்டில் இல்ல, எம்மகளுக்கும் இல்ல."

"பெருசா நியாயம் பேசுதா."

"ஆஸ்பத்திரி சாமான்னு சொன்னீகளே."

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டேன் என்று உறைத்தது. மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். என் கணவர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார்.

"சொன்னேன்" என்றார் அத்தை. "நான் இல்லன்னேனா? ஆஸ்பத்திரியிலயும் பிள்ளைக தூங்கத்தான் செய்யுது." நீலத் தொட்டிலின் வலையை இழுத்துப் பார்த்தபடி, "பிளேன்ல ஏறும்னா அதையும் இந்த வாயாலதான சொல்லணும். வேற வாய்க்கு எங்கன போவேன்?" என்றார்.

அன்று இருந்த இருப்பில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்று நினைத்தால் வருகிறது.

நான் தம்பிக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். அவன் அழப்போகிறான் என்று ஏனோ எதிர்பார்த்தேன். அவன் பெரிதாகச் சிரித்தான்.

"அக்கா, காரியாபட்டியில நான் தொட்டிலு வாங்குன கட இன்னும் இருக்கு. அதே தொட்டிலு சிவப்பு, பச்சை எல்லாக் கலர்லயும் அடுக்கி வச்சிருக்கான். அத்தான வரச் சொல்லு. அவுக காசக் குடுத்து அவுகளே வாங்கட்டும். அப்ப மாமன் தொட்டிலுதான?"

என் கணவர் மறுநாளே போனார். தம்பிதான் கடைக்குக் கூட்டிப்போய் பேரம் பேசி, ஒவ்வொரு குழாயையும் ஆட்டிப் பார்த்து எடுத்துக் கொடுத்தானாம். பச்சைத் தொட்டில். அதே வலை. இந்த முறை பெட்டியை நான் கட்டினேன். கடையில் வெள்ளைத் தாள் வாங்கிவரச் சொன்னேன். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்தில் பிடித்து, "இதுல வெடி ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டுக் கேட்டுக் கொடுத்தார். தட்டையான பெட்டி. பெரிய விமானத்திலும் ஏறியது, குட்டி விமானத்திலும் ஏறியது.

தேக்குத் தொட்டில் கூடத்திலேயே நின்றது. "சும்மாதான கெடக்கு, பாப்பாவ அதுல போடேன்" என்று அத்தை ஒரு நாள் சொன்னார். அவர் அதை மனமாரத்தான் சொன்னார். நான் போடவில்லை. அதற்கு நல்ல காரணம் எதுவும் என்னிடம் இல்லை. தூசி தட்டும்போது ஒருமுறை ஆட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லாமல் ஆடியது. எங்கள் நீலத் தொட்டில் கிறீச்சிடும். அந்தச் சத்தம் இல்லாமல் என் மகள் தூங்கமாட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தொட்டில் போய்ச் சேர்ந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் போன் செய்தாள். அத்தையிடம் சிரித்துப் பேசினாள். பிள்ளையைப் போட்டாயிற்று, ஆட்டினால் சிரிக்கிறான் என்று எல்லாம் சொன்னாளாம். பிறகு மதினியிடம் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினாள்.

"மதினி, அந்தத் தேக்குத் தொட்டிலு எங்கன இருக்கு?"

"கூடத்துலதான்."

அங்கிருந்து பேசும் குரல் கொஞ்சம் தாமதித்துத்தான் வந்து சேரும். அந்த இடைவெளி அன்று வழக்கத்தைவிட நீண்டது.

"பாப்பாவ அதுல போடுதீகளா?"

"இல்லையே."

"போடாதீக மதினி. தப்பா நெனைக்காதீக. அது எங்கண்ணன் எம்புள்ளைக்குன்னு செஞ்சது. அண்ணன் அனுப்புன போட்டோவுல கிளியெல்லாம் பாத்தேன். இங்க வந்திருக்கிறது நல்லாத்தான் இருக்கு, ஆனாலும்…"

அவள் அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கோடை முழுவதும் எனக்குள் அது ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது.

"போட மாட்டேன். நீ வந்து உம்புள்ளயப் போடு. எம்மகளுக்குத்தான் அவ மாமன் போட்டது இருக்கே" என்றேன்.

ஆறுதலாகத்தான் சொல்ல நினைத்தேன். வாயை விட்டு வெளியே வந்தபோது அதில் கொஞ்சம் பெருமையும் கலந்துவிட்டதோ என்று உடனே சந்தேகம் வந்தது. அவளுக்கு அது எப்படிக் கேட்டதோ. பிறகு, "சரி மதினி, வச்சிருதேன்" என்றாள்.

"என்ன சொன்னா?" என்று அத்தை கேட்டார்.

"பய தூங்கிட்டானாம்" என்றேன்.